வாழ்க்கை வரலாறும் வாழ்த்துரையும்

பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்க்கு இடப்படும் எழுத்துப் பயிற்சிகளுள் மிக எளியதெனக் கருதப்படுவது வாழ்க்கை வரலாறாகும். புலவர் ஒருவரையோ ஆசிரியர் ஒருவரையோ கலைஞர் ஒருவரையோ தெரிந்தெடுத்துக் கொண்டு, அவர் பிறந்தது முதல் மறைந்தது வரையுள்ள செய்திகளை நிரல்பட எழுதிவிட்டாற் போதும் என்பது பொதுவாக நிலவும் எண்ணம். சிறுகதைக்கு வேண்டிய கற்பனை இதற்கு வேண்டியதில்லை. இலக்கணக் கட்டுரைக்கு வேண்டிய நுட்பமும் வேண்டியதில்லை. கால வரிசை தானே வழிகாட்டும் என்று கருதப்படுகின்றது. ஆயினும் இவ்வாறு எழுதப்படுவனவற்றுள் ஆர்வத்தோடு இறுதிவரை படிக்கத்தக்கவை மிகச் சிலவே. எளிதெனப்பட்ட ஒன்று ஏன் இத்துணை அரிதாகின்றது என்பது ஆராயத்தக்கது.

இத்தகைய வரலாறுகளை மதிப்பிடுதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. கட்டுரையிலிருந்து வரலாற்றுக்குரியவரின் பெயரையும் ஊரையும் ஆண்டுகளையும் நீக்கிவிட்டு, அவ்விடங்களில் வேறொருவரின் பெயரையும் ஊரையும் ஆண்டுகளையும் இட்டுப் பார்த்தல் வேண்டும். நற்குடிப் பிறப்பு, இளமையிலே விளங்கிய கூர்த்த மதி, ஆசான்பாற் கொண்ட பக்தி, தன்னலமற்ற தொண்டு, எவரோடும் இன்முகத்துடன் பழகும் பண்பு, பெற்ற பட்டங்கள், பேரிழப்பாக அமைந்த மறைவு என்பன புதிய பெயருக்கும் அப்படியே பொருந்துமாயின், அக்கட்டுரை ஒருவரது வாழ்க்கையைச் சொல்லவில்லை. ஒரு வாய்பாட்டையே நிரப்பியுள்ளது. மாணவர் எழுத்துக்கள் மட்டுமன்றி, அச்சேறிய நூல்கள் பலவும் இச்சோதனையில் தேறுவதில்லை.

இக்குறையை நடையின் குறையாகக் கொள்வோர் உளர். வருணனையைக் கூட்டினால், சுவையான துணுக்குகளைச் சேர்த்தால், தொடக்கத்தைக் கதைபோல அமைத்தால் வாசகனைக் கவரலாம் என அவர்கள் அறிவுறுத்துவர். இவ்வறிவுரை நோயை விட்டு நோயின் குறியைப் பற்றுவதாகும். வாழ்க்கை வரலாற்றின் ஈர்ப்பு அதன் சொல்லலங்காரத்திலிருந்து பிறப்பதில்லை. ஒரு மனிதன் இரண்டு வழிகளுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தே தீரவேண்டிய நிலையில் நின்றதையும், அவன் வேறு விதமாகவும் தெரிந்திருக்கக்கூடும் என்பதையும் வாசகன் உணரும்போதே அது பிறக்கின்றது. நிகழ்ந்தது நிகழாமலும் போயிருக்கலாம் என்ற உணர்வு இல்லாத இடத்தில் வரலாறும் இல்லை, ஆர்வமும் இல்லை. வாழ்த்துரை இவ்வுணர்வையே முதலில் அழித்துவிடுகின்றது. பெரியோன் பிறக்கும்போதே பெரியோனாகப் பிறந்தான் என்றால், அதன்பின் அறிவதற்கு என்ன எஞ்சியிருக்கின்றது?

வாழ்த்துரை மரபு தமிழில் ஆழ வேரூன்றியது. சோழர் காலத்து மெய்க்கீர்த்திகள் அரசனின் வெற்றிகளையும் கொடைகளையும் கல்லிற் பொறித்தன. சேக்கிழாரின் திருத்தொண்டர் புராணம் அடியார்களின் வாழ்க்கையைப் பக்தியின் சான்றாகப் பாடியது. இவற்றைத் தனிமனித வரலாறுகளாகக் கொண்டு குறைகாண்பது பொருந்தாது. மெய்க்கீர்த்தியின் நோக்கம் ஆட்சியுரிமையை நிலைநாட்டுதல்; புராணத்தின் நோக்கம் அடியவனின் குணத்தினூடே இறைவனின் அருளைக் காட்டுதல். இவை தத்தம் பணியைச் செவ்வனே செய்தன. அங்குத் தனிமனிதன் ஐயுற்றதோ தடுமாறியதோ சொல்லப்படினும், அவையும் முடிவில் அருளின் வெற்றிக்கே துணையாகின்றன.

ஈழத்துத் தமிழரிடையே, சிறப்பாக யாழ்ப்பாணத்திலே, இம்மரபின் அண்மைக்கால வடிவமாகக் 'கல்வெட்டு' என வழங்கும் நினைவு வெளியீட்டைக் குறிப்பிடலாம். ஒருவர் மறைந்து முப்பத்தோராம் நாள் நிகழும் அந்தியேட்டிக் கிரியையை ஒட்டி வெளியிடப்படும் இச்சிறு நூலில் திதி வெண்பா, வமிசாவளி, மறைந்தவரின் சரித்திரச் சுருக்கம், உறவினர் புலம்பல், தேவார திருவாசகங்கள் முதலியன இடம்பெறும். துயருற்ற குடும்பத்தின் முன் படைக்கப்படும் இவ்வெளியீட்டிற் குறைகள் கூறப்படாமை இயல்பே, அது நாகரிகமுமாகும். இடர்ப்பாடு எழுவது, கல்வெட்டின் வடிவம் அதற்குரிய சந்தர்ப்பத்தைக் கடந்து வகுப்பறைக்குள் நுழையும்போதுதான். மாணவன் வாழ்க்கை வரலாறு எழுத முற்படும்போது அவன் கண்டு பழகிய மாதிரி கல்வெட்டாகவே இருத்தலின், அவனையறியாமலே அவன் எழுத்து இரங்கலுரையின் தொனியைப் பெற்றுவிடுகின்றது. நோக்கம் மாறிய பின்னும் வடிவம் மாறவில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

வாழ்த்துரையிலிருந்து விலகும் முயற்சிகள் ஈழத்திலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றின. கற்பிட்டியைச் சேர்ந்த சைமன் காசிச்செட்டி 1859ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளியிட்ட 'தமிழ் புளூட்டாக்' தமிழ்ப் புலவர் பலரைப் பற்றிய செய்திகளை அகரவரிசையில் தொகுத்துத் தந்தது. கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டாக்கின் பெயர் நூலுக்குச் சூட்டப்பட்டிருப்பினும், அவர் கையாண்ட முறை இங்குப் பின்பற்றப்படவில்லை. புளூட்டாக் கிரேக்கர் ஒருவரையும் உரோமர் ஒருவரையும் இணையாக நிறுத்தி, அவர்தம் குணவியல்புகளை ஒப்பிட்டவர். சிறு செய்கையொன்று பெரும் போரைவிட ஒருவனது இயல்பை நன்கு காட்டக்கூடும் என்பது அவர் கொள்கை. காசிச்செட்டியின் நூலோ புலவர் அகராதியாகவே அமைந்தது. 1886ஆம் ஆண்டில் ஆ. சதாசிவம்பிள்ளை வெளியிட்ட 'பாவலர் சரித்திர தீபகம்' அதே பணியைத் தமிழில் விரிவாகச் செய்தது. செவிவழிச் செய்திகளும் தனிப்பாடல்களும் அழிந்துபோகாமல் இவ்விரு நூல்களும் காத்தன. இலக்கிய வரலாற்று மாணவர் இவற்றுக்குக் கடன்பட்டவர்கள். எனினும் புலவரின் பெயரும் ஊரும் நூற்பட்டியலும் தருவதோடு அகராதியின் கடமை முடிந்துவிடுகின்றது. அப்புலவர் ஏன் அவ்வாறு வாழ்ந்தார் என்ற வினா அங்கு எழுவதில்லை.

அவ்வினா தவிர்க்கமுடியாதவாறு எழும் வாழ்க்கை ஆறுமுக நாவலருடையதாகும். 1879ஆம் ஆண்டு டிசம்பரில் நாவலர் மறைந்தபின், 1882இல் வே. கனகரத்தின உபாத்தியாயரும் 1916இல் த. கைலாசபிள்ளையும் அவர் சரித்திரத்தை எழுதினர். கைலாசபிள்ளை நாவலரின் தமையன் மகனும் மாணவருமாவார். அருகிலிருந்து அறிந்தவர்களின் எழுத்து என்றவகையில் இந்நூல்கள் பெறுமதி மிக்கவை. பின்வந்தோர் பலர் எழுதியவற்றுக்கு ஆதாரமாகவும் அமைந்தவை. ஆயின் இவை வழிபாட்டுணர்வோடு எழுதப்பட்டவை. நாவலர் வாழ்க்கையின் மையமான முரண்பாடு அவ்வுணர்வினுள் அமிழ்ந்துவிடுகின்றது.

அம்முரண்பாடு யாது? 1822ஆம் ஆண்டு நல்லூரிற் பிறந்த நாவலர், வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் பயின்று, அங்கேயே கற்பித்து, பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பிற் பல ஆண்டுகள் துணைநின்றவர். அப்பணியில் ஈடுபட்டிருந்த காலத்திலேயே, 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அதற்கடுத்த ஆண்டில் அச்சியந்திரம் வாங்கும் பொருட்டுத் தமிழகம் சென்றார். பாடசாலை, அச்சகம், பிரசங்கம், துண்டுப்பிரசுரம் ஆகிய மிஷனரிமாரின் கருவிகள் அனைத்தையும் அவர்களிடமே கற்று, அவர்களுக்கு எதிராகவே அவற்றைப் பயன்படுத்திய ஒருவரின் மனம் எவ்வாறு இயங்கியிருக்கும்? பகலில் விவிலியத்தின் சொற்களைத் தமிழில் நிறுத்துப் பார்த்த அதே கை, மாலையிற் சைவப் பிரசங்கத்துக்குக் குறிப்பெடுத்த நாள்கள் அவை. இவ்வினாவை முன்னிறுத்தித் தொடங்கும் ஒரு கட்டுரை, நாவலரை ஏற்கெனவே நன்கறிந்த வாசகனையும் நிமிர்ந்து உட்காரச் செய்யும்.

இன்னொரு வினாவும் உண்டு. நாவலர் சைவ மக்களுக்குக் கல்வி வழங்கினார் என்பது உண்மை. சாதிக் கட்டுப்பாடுகளை ஏற்ற ஒழுங்கினுள்ளேயே அக்கல்வியை அவர் நோக்கினார் என்பதும் உண்மை. முன்னதை மட்டும் கூறுவது துதி; பின்னதை மட்டும் கூறுவது கண்டனம். இரண்டையும் ஒரே மனிதனின் ஒரே வாழ்க்கையில் வைத்துப் பார்ப்பதுதான் வரலாறு. நாவலரைக் காப்பாற்றுவதற்காக இரண்டாவதை மறைப்போர் உண்மையில் அவரைச் சிறியவராக்குகின்றனர். தம் காலத்தின் எல்லைகளுள் எவற்றை அவர் உடைத்தார், எவற்றை உடைக்க விரும்பவில்லை என்பதை அறிந்தாலன்றி, உடைத்தவற்றின் அருமையும் புலனாகாது.

நாவலருக்கு அப்பட்டத்தை 1849இல் வழங்கியது திருவாவடுதுறை ஆதீனம். அதே ஆதீனத்தின் வித்துவானாக விளங்கிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரமே தமிழில் எழுந்த வாழ்க்கை வரலாறுகளுள் முதலிடம் பெறத்தக்கது எனலாம். அவருடைய மாணவர் உ. வே. சாமிநாதையர் இதனை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். பிள்ளை பாடிய தலபுராணங்களையும் அந்தாதிகளையும் இன்று விரும்பிப் படிப்போர் மிகச் சிலர். அவற்றை இயற்றியவரின் வாழ்க்கையை விரும்பிப் படிப்போரோ பலர். நூல்கள் மறைந்தும் மனிதர் நிலைத்தமைக்கு அச்சரித்திரமே காரணமாகும்.

சாமிநாதையர் தம் ஆசிரியர்பாற் கொண்ட பக்தி கைலாசபிள்ளை நாவலர்பாற் கொண்ட பக்தியிற் சிறிதும் குறைந்ததன்று. எனவே பக்தி இல்லாமையால் அந்நூல் சிறந்தது எனக் கூறமுடியாது. வேறுபாடு அவர் கண்ட விவரங்களிலே தங்கியுள்ளது. பிள்ளை செய்யுள்களை வாயாற் சொல்லிச் செல்ல, மாணவர் ஏட்டில் எழுதிக்கொள்ளும் காட்சி. பெரும்புலவராயிருந்தும் கடன் தொல்லையிலிருந்து விடுபடமுடியாத நிலை. ஆதீனத்தின் ஆதரவில் தங்கியிருந்த வாழ்க்கையின் கௌரவமும் சங்கடமும். சாதி சமய வேறுபாடு பாராது கிறித்தவரையும் முஸ்லிம்களையும் மாணவராக ஏற்ற பெருந்தன்மை ஆகியன அங்கு நிகழ்ச்சிகளாகவே வருகின்றன. 'அவர் வறுமையிலும் செம்மையாக வாழ்ந்தார்' என்ற ஒரு வாக்கியத்தில் இவை அடைக்கப்படவில்லை. பெரும்புலமை ஒருவனைக் கடனிலிருந்து காக்கவில்லை என்பதை வாசகன் கண்முன் காண்கின்றான். நிலப்பிரபுக்களையும் மடங்களையும் நம்பி வாழ்ந்த ஒரு புலமை மரபு அதன் இறுதிக் காலத்தில் எவ்வாறு தளர்ந்தது என்ற சமூக வரலாற்றையும் அவன் அதனூடே அறிந்துகொள்கின்றான். தனிமனிதனின் வீட்டுக் கணக்கு ஒரு காலகட்டத்தின் கணக்காகவும் ஆகிவிடுகின்றது.

சாமிநாதையரின் நேர்மை அவருடைய தன்வரலாறான 'என் சரித்திரம்' நூலிலும் வெளிப்படுகின்றது. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, அவர் மறைவினால் முற்றுப்பெறாமல் நின்றுபோன அந்நூலிலே, பிள்ளைக்கு இசைப்பயிற்சியில் விருப்பமில்லாமையால், கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் தாம் கற்றுவந்த சங்கீதத்தைக் கைவிட நேர்ந்தமையை அவர் கூறுகின்றார். ஆசிரியர் மீது குற்றம் சுமத்தப்படவில்லை, நிகழ்ச்சி மறைக்கப்படவுமில்லை. ஒன்றைப் பெறுவதற்காக இன்னொன்றை இழந்த மாணவனின் நிலையை வாசகனே உய்த்துணர விடப்படுகின்றான். 1880ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் கும்பகோணத்திற் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த நிகழ்ச்சியும் இத்தகையதே. தாம் கற்ற பிரபந்தங்களையும் புராணங்களையும் சாமிநாதையர் வரிசையாக எடுத்துரைக்க, முதலியார் அவற்றைப் பொருட்படுத்தாது, சீவக சிந்தாமணி முதலிய பழைய நூல்களைப் பற்றி வினவுகின்றார். ஒரு தலைமுறையின் கல்வி முழுவதும் ஒரு மாலைப்பொழுதின் உரையாடலிற் கேள்விக்குள்ளாகின்றது. தம் அறியாமையை ஒளிக்காது எழுதியமையாலேயே, அதன்பின் வந்த பதிப்பு முயற்சிகளின் உழைப்பும் துணிவும் வாசகனுக்கு விளங்குகின்றன. பண்டைத் தமிழ் நூல்களை மீட்டவர் என்ற புகழ்மொழி உணர்த்தாத ஒன்றை அந்த ஒரு சந்திப்பு உணர்த்துகின்றது.

மேனாட்டிலும் சிறந்த வரலாறுகள் இவ்வாறே அமைந்துள்ளன. 1791ஆம் ஆண்டு ஜேம்ஸ் பொஸ்வெல் வெளியிட்ட சாமுவேல் ஜோன்சனின் வாழ்க்கை வரலாறு, ஜோன்சனின் அறிவாற்றலோடு அவர் விசித்திரமான அங்க அசைவுகளையும் உணவின்மேற் கொண்ட வேட்கையையும் மரணத்தின்மேற் கொண்ட அச்சத்தையும் சேர்த்தே சொல்கின்றது. இதற்கு நேரெதிரான வழியைப் பின்னர் லிற்றன் ஸ்ரேச்சி கையாண்டார். 1918இல் வெளிவந்த அவரது நூல், கர்தினால் மனிங், புளோரன்ஸ் நைற்றிங்கேல், தோமஸ் ஆர்னல்ட், ஜெனரல் கோர்டன் ஆகிய நால்வரையும் அங்கதச் சுவையோடு நோக்கியது. விக்ரோரியா காலத்தின் பருத்த துதிநூல்களுக்கு அது தக்க மருந்தாக அமைந்தது. ஆயினும் எள்ளலும் ஒரு வாய்பாடாக மாறக்கூடும். துதிப்பவன் நல்லவற்றை மட்டும் தேடுகின்றான். எள்ளுபவன் பலவீனங்களை மட்டும் தேடுகின்றான். தேடத் தொடங்குமுன்னரே விடையை அறிந்திருத்தல் இருவர்க்கும் பொதுவான குறையாகும்.

அன்பும் நேர்மையும் ஒருங்கே இயலும் என்பதற்கு நவீன தமிழிலக்கியத்திலும் சான்றுண்டு. 1948ஆம் ஆண்டு காசநோயால் மறைந்த புதுமைப்பித்தனின் வாழ்க்கையை அவர் நண்பர் தொ. மு. சி. ரகுநாதன் 1951இல் நூலாக்கினார். மறைந்து மூன்றாண்டுகளே சென்ற ஒருவரைப் பற்றி, அவரையறிந்தோர் பலர் உயிரோடிருந்த காலத்தில், நண்பர் ஒருவர் எழுதுவது எளிதன்று. தந்தையோடு கொண்ட பிணக்கும், பத்திரிகைத் தொழிலின் நிலையாமையும், திரைப்பட முயற்சிகளில் ஏற்பட்ட ஏமாற்றமும் இந்நூலிற் பேசப்படுகின்றன. எழுத்தாளனைப் புறக்கணித்த சமூகத்தின் மீது கொண்ட சீற்றம் சில இடங்களில் ஆசிரியரின் நிதானத்தை மேவி நிற்கின்றது எனலாம். ஆயினும் புதுமைப்பித்தன் அங்கே சிலையாக நிறுத்தப்படவில்லை. வயிற்றுப் பிழைப்புக்கும் எழுத்துக்கும் இடையே அல்லாடிய மனிதராகவே அவர் நடமாடுகின்றார்.

இவ்வெடுத்துக்காட்டுகளைக் காட்டி மாணவனை அத்தகைய வரலாறு எழுதுமாறு கேட்பது நியாயமா என்ற தடை எழலாம். சாமிநாதையர் தம் ஆசிரியரோடு ஐந்தாண்டுகள் வாழ்ந்தவர், ரகுநாதன் நண்பர். மாணவனுக்கோ ஒரு தவணைக்காலமும் சில நூல்களும் ஒன்றிரண்டு நேர்காணல்களுமே கிடைக்கின்றன. தடை வலிமையானதே. ஆனால் அது உணர்த்துவது எல்லையைச் சுருக்கவேண்டும் என்பதையேயன்றி, துதியை நாடவேண்டும் என்பதையன்று. குறுகிய காலத்தில் எழுபதாண்டு வாழ்க்கையை எழுத முற்படுபவன் வாய்பாட்டை நாடாமல் வேறென் செய்வான்? அதனைவிடுத்து, ஒரு வாழ்க்கையின் ஒரு திருப்பத்தை, அதற்கு முன்னும் பின்னுமுள்ள சில ஆண்டுகளோடு எடுத்துக்கொள்ளுதல் தகும். நாவலரின் முழு வாழ்க்கையும் தேவையில்லை. 1847 முதல் 1849 வரையுள்ள மூன்றாண்டுகள் ஒரு மாணவக் கட்டுரைக்குப் போதும்.

கிராமப் பாடசாலை அதிபர் ஒருவரின் வாழ்க்கையை எழுத மாணவன் ஒருவன் முற்படுகின்றான் எனக் கொள்வோம். 'அவர் கண்டிப்பும் கருணையும் மிக்கவர்' என்பது அவன் காதில் முதலில் விழும் வாக்கியம். அவ்வாக்கியத்தை அப்படியே எழுதுவது எளிது. எழுதினால் ஒன்றும் சொல்லப்பட்டதாகாது. பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தையும் பழைய வரவு இடாப்புகளையும் பார்க்க அனுமதி பெறுவானாயின், அறுவடைக் காலத்தில் எத்தனை பிள்ளைகள் வகுப்புக்கு வரவில்லை என்பதும், அதற்கு அதிபர் என்ன செய்தார் என்பதும் தெரியவரக்கூடும். அவர் பிள்ளைகளைத் தண்டித்தாரா, பெற்றோரைச் சென்று கண்டாரா, பாட நேரத்தை மாற்றினாரா? அவர் எடுத்த முடிவிலே கண்டிப்பும் கருணையும் தாமே புலப்படும். அன்றி, இரண்டும் இல்லையென்பதும் புலப்படலாம். எழுதுவோன் எந்த விடைக்கும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

ஆதாரங்களை நிறுத்துப் பார்க்கும் பழக்கமும் ஈர்ப்புக்கு இன்றியமையாதது. வேதாகம மொழிபெயர்ப்பைச் சென்னைக்குக் கொண்டுசென்று மகாலிங்கையரிடம் காட்டி நாவலர் ஒப்புதல் பெற்றார் என்ற செய்தி நூலுக்கு நூல் மீண்டும் மீண்டும் வருவதை எவரும் அறிவர். பலர் கூறியமையால் ஒரு செய்தி பல சான்றுகளைப் பெற்றதாகாது; ஒருவர் கூறியதைப் பலர் எடுத்தாண்டிருக்கலாம். முதலில் யார் கூறினார், அவருக்கு அது எவ்வாறு தெரிந்தது, அதனைக் கூறுவதால் அவருக்கு என்ன பயன் என்பன ஒவ்வொரு செய்தியிடத்தும் கேட்கத்தக்க வினாக்கள். கடிதம், காணி உறுதி, நாட்குறிப்பு, பற்றுச்சீட்டு ஆகியன பேசாச் சான்றுகள். அவை புகழவும் மாட்டா, இகழவும் மாட்டா. வாய்மொழிச் சான்றோ நினைவின் வழுக்கல்களுக்கு உட்பட்டது. ஒரே நிகழ்ச்சியை இருவர் இருவிதமாகக் கூறின், ஒன்றை மறைத்து மற்றதை எழுதுவதிலும் இரண்டையும் அருகருகே வைப்பது மேல். அவ்வேறுபாடே சிலவேளை கட்டுரையின் சிறந்த பகுதியாகிவிடும்.

வரலாற்றைச் சுவையாக்க உரையாடல்களைப் புனைவதும், மறைந்தோரின் மனத்தினுள் நுழைந்து எண்ணங்களை எழுதுவதும் இப்போது பரவலாகக் காணப்படும் வழக்கம். நாவல் என்று பெயரிட்டு அவ்வாறு செய்வது எழுத்தாளனின் உரிமை. வரலாறு என்ற பெயரிற் செய்வது வாசகனை ஏமாற்றுவதாகும். அது தேவையுமற்றது. கிடைத்த ஒரு கடிதத்திலுள்ள ஒரு தயக்கமான வரி, புனைந்த பத்துப் பக்க உரையாடலைவிட வாசகனை நெருங்கிவரச் செய்யும். ஏனெனில் அது உண்மையென்பதை அவன் அறிவான்.

இவையெல்லாம் வகுப்பறைப் பயிற்சிக்கு மிகையான கட்டுப்பாடுகள் என எண்ணுதல் கூடாது. ஈழத்துச் சூழலில் இப்பயிற்சி வெறும் பயிற்சியாக நின்றுவிடுவதில்லை. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீயிடப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய சுவடிகளும் அழிந்தன. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிற் புறப்பட நேர்ந்தபோது, வீட்டு அலுமாரிகளில் இருந்த கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் எடுத்துச்செல்ல எவருக்கும் கை இருக்கவில்லை. 2009 வரை நீடித்த போரும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் வன்னியிலும் கிழக்குக் கரையிலும் எஞ்சியவற்றை மேலும் குறைத்தன. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'நூலகம்' எண்ணிம நூலகம், கல்வெட்டுகள் உட்பட அச்சிற் கிடைத்தவற்றைத் திரட்டிப் பேணிவருகின்றது. அங்குள்ள கல்வெட்டுகள் வாழ்க்கை வரலாறு எழுதுவோனுக்கு மாதிரியாகா. ஆனால் பெயர்களையும் திகதிகளையும் உறவுகளையும் தரும் மதிப்புள்ள சான்றுகளாகும். அச்சேறாத வாழ்க்கைகள் அவற்றிலும் இல்லை.

அச்சேறாத வாழ்க்கைகளே மிகப் பல. 1960களிற் பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை மேடையேற்றியமை ஈழத்து நாடக வரலாற்றில் நன்கு பதியப்பட்டுள்ளது. அக்கூத்து மரபைத் தலைமுறைகளாகக் கிராமங்களிற் காத்து வந்த அண்ணாவிமார் எத்தனை பேரின் வாழ்க்கை எழுதப்பட்டுள்ளது? எவருடைய வாழ்க்கையும் உண்மையாகச் சொல்லப்படின் பயன்தரும் என்பது 1750இலேயே ஜோன்சன் எடுத்துரைத்த கருத்து. அண்ணாவியார், தோட்டப் பாடசாலை ஆசிரியை, அச்சுக்கோப்பாளர், கிராமத்துப் பரியாரியார் ஆகியோரைப் பற்றிய ஒரே எழுத்துச் சான்றாக மாணவன் ஒருவனின் கட்டுரை மட்டுமே நாளை எஞ்சக்கூடும். அவ்வேளையில் அதைத் திறந்து பார்ப்பவனுக்கு 'அன்னார் இன்முகத்துடன் பழகும் பண்பாளர்' என்ற வாக்கியம் மட்டுமே கிடைக்குமாயின், நெருப்புக்கும் இடப்பெயர்வுக்கும் தப்பிய ஒருவர் புகழ்மொழியினால் மீண்டும் ஒருமுறை இழக்கப்பட்டவராவார்.

எனவே வாழ்க்கை வரலாற்றை வாசகனைக் கவரும்படி எழுதுவது எவ்வாறு என்ற வினா, முடிவில் மறைந்தவர்க்கு நாம் செய்யும் மரியாதை யாது என்ற வினாவாகவே மாறுகின்றது. மாலையிடுவது ஒரு மரியாதை. அதற்குரிய இடங்கள் உள. அவர் எதற்கு அஞ்சினார், எதனை விரும்பினார், எந்த இடத்தில் தயங்கினார், தயங்கிய பின் எந்தப் பக்கம் திரும்பினார் என்று பொறுமையோடு தேடி அறிவது இன்னொரு மரியாதை. பல்கலைக்கழகத்துக்கு உரியது பின்னதேயாகும்.